பதினேழு வயது முகம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் ஒருமாதிரி நடமாடிக்கொண்டிருக்கிறோம். அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டுவிட்டது. சட்டை மாட்டி முடிப்பதற்குள் ஆபீஸ் பஸ் போய்விடுகிறது. உன் இருமல் நின்றதா? சமைத்துச் சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியும் டீயுமாகவே ஓட்டுகிறாயா?

போனில் பேசலாமே என்று போன தடவையும் எழுதியிருந்தாய். உனக்குத் தெரியாததா? என் பிள்ளை மிளகுக்கு என் போன் நம்பர் மனப்பாடம். ஊர் மாறி வந்தும் அதே நம்பரைத்தான் வைத்திருக்கிறோம். நான் உன்னோடு கதையளக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் கூப்பிட்டுவிட்டால்? அதனால் நமக்குக் கடிதம்தான்.

இந்த வருஷம் அவளுக்குப் பதினேழு. காணாமல் போனபோது ஆறு. போலீஸில் அவள் இப்போது எப்படி இருப்பாள் என்று கம்ப்யூட்டரில் வளர்த்து ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். துணிக்கடை பொம்மைக்கு என் பிள்ளையின் கண்ணைப் பிடுங்கி ஒட்டின மாதிரி இருக்கிறது. அதைப் போஸ்டரில் போட்டால் அவளே தன்னைத் தாண்டிப் போய்விடுவாள்.

அண்ணா, சின்ன வயசில் என்னை உட்காரவைத்து நோட்டில் வரைவாயே, அசைந்தால் மண்டையில் குட்டுவாயே, அந்தக் கை எங்கே போய்விடும்? முறையாக ஒருத்தரிடம் போய் எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கற்றுக்கொள். கற்றுக்கொண்டு என் மிளகைப் பதினேழு வயசில் வரைந்து கொடு. அவள் முகம் உனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

மாட்டேன் என்று சொல்லாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி

*

ஜனவரி 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இருமல் போய்விட்டது, போகும்போது குரலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. மாப்பிள்ளையின் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சூடு பொறுக்கும் அளவுக்கு. நீ மாத்திரைகளை விடாமல் போட்டுக்கொள்கிறாயா? அதை நீ எழுதவே இல்லை.

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். நீ சொன்னபடி ஓர் ஓவிய வகுப்பில் சேர்ந்துவிட்டேன். டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர். அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பழுது பார்க்கிறவர். முதல் நாள் ஒவ்வொருவரையும் என்ன வேலை என்று கேட்டார். ஆஸ்பத்திரிப் பிணவறையில் படம் எடுக்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக, என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்கி அம்மாள் நாற்காலியை ஓர் அங்குலம் நகர்த்திக்கொண்டார். டீச்சர் மட்டும், “அப்ப முகத்தைப் பார்த்துப் பயப்பட மாட்டீங்க, பாதி வேலை முடிஞ்சுது” என்றார்.

அவர் வகுப்பில் ஒரு விதி இருக்கிறது. பழைய ஓவியம் ஒன்றை முழுசாகப் பார்த்து வரைந்து முடிக்காமல் யாரும் சொந்தமாக ஒரு முகத்தைத் தொடக் கூடாது. எனக்குக் கொடுத்தது அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் இளம்பெண்ணின் படம். முந்நூறு வருஷத்துக்கு முந்தையது. வரைந்தவர் யாரென்று தெரியாது, அவள் யாரென்றும் தெரியாது. பழுப்பு உடை, கையில் ஒற்றைக் கையுறை. செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அன்றைக்கு அங்கே ஈசலோடு போய் நிற்கலாம் என்று அனுமதிச் சீட்டு வாங்கியாயிற்று. ஈசல் என்றால் விளக்கைச் சுற்றுகிறது இல்லை, படத்தை நிறுத்தி வைக்கிற கட்டைச் சட்டம்.

எண்ணெய் வண்ணம் ஓர் அடுக்கு காய்ந்துதான் அடுத்த அடுக்கு. ஆகவே நாளாகும். ஒரு வருஷம்கூட ஆகலாம். அவசரப்படுத்தாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உண்மையிலேயே நலம். உன் கடிதம் வந்த அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிட்டேன் என்று அவர் எழுதச் சொல்கிறார். மாத்திரை போடுகிறேன், டப்பாவை அவர்தான் வைத்திருக்கிறார். அந்தப் பழைய கதை இனி நடக்காது, நீ பயப்படாதே.

உனக்கு உதவியாக இருக்குமென்று சிலது வைத்திருக்கிறேன். நான் பதினேழு வயசில் எடுத்த படம். அவருடைய தங்கை அதே வயசில் எடுத்தது. மிளகுக்குப் புருவம் என்னுடையது, தாடை அவர்கள் வீட்டுத் தாடை. நெற்றி மட்டும் யாருடையது என்று தெரியவில்லை, அவளே எங்கிருந்தோ கொண்டுவந்தாள். முடியை இழுத்துக் கட்டாதே, அவளுக்குப் பிடிக்காது. கை தெரிகிற மாதிரி வரைவதானால் இடது முன்கையில் அந்தச் சின்ன வளைவு இருக்க வேண்டும். சுவரிலிருந்து குதித்து உடைத்துக்கொண்டபோது நீதானே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். வளர்ந்தாலும் அது போகாது என்று டாக்டர் சொன்னாரே.

வருஷா வருஷம் போல இந்த வருஷத்துக்கும் ஓர் உடை எடுத்தேன். கடைக்காரப் பெண் “பொண்ணை ஒரு தடவை கூட்டிட்டு வந்தா அளவு சரியா பாக்கலாமே” என்றாள். வெளியூரில் படிக்கிறாள் என்றேன். சொல்லும்போது கூச்சமாகவே இல்லை.

நேற்று பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி. பின்னாலிருந்து பார்த்தால் அவளே. நான்கு நிறுத்தம் கூடவே போனேன். திரும்பினாள். இல்லை.

அந்தக் கையுறைக்காரியைச் சீக்கிரம் முடி. நம்ம பிள்ளை வரிசையில் நிற்கிறாள்.

தங்கச்சி

*

மார்ச் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுது. நீ அனுப்பிய படங்கள் வந்தன.

ஏழு செவ்வாய்க்கிழமை போய்விட்டது. முதலில் கரியால் கோடு. பிறகு பழுப்பில் நிழல். அதன்மேல் சாம்பல் நிறத்திலேயே முழு முகத்தையும் வரைய வேண்டும், ஒரு சொட்டுச் சிவப்புகூடக் கிடையாது. அது காய்ந்த பிறகுதான் சதையின் நிறம். சதையில் நாம் நினைக்கிற மாதிரி ரோஜா நிறம் இல்லை என்கிறார் டீச்சர். அடியில் ஒரு பச்சை ஓடுகிறது, கன்னத்தில் சிவப்பு, வாயோரம் நீலம், நெற்றியில் மஞ்சள். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று மெல்லிசாக. ஆளிவிதை எண்ணெய் வாடை சட்டையிலிருந்து போவதே இல்லை. வேலையிடத்து வாடைக்கு இது எவ்வளவோ தேவலை.

அந்தக் கூடத்தில் ஒரு காவல்கார அம்மாள் இருக்கிறார். முட்டிவலி, எப்போதும் ஸ்டூலில்தான். “இப்படி வாரா வாரம் முறைச்சுப் பாத்தா அவளுக்கே வெக்கமாப் போய்க் கையுறையைப் போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுவா” என்கிறார். பொழுது போகிறது.

நான் சாம்பலில் வரைந்த முகத்தை டீச்சர் வெகு நேரம் பார்த்தார். எலும்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, மற்ற யாருக்கும் இவ்வளவு சரியாக வரவில்லை என்றார். ஆனால் நான் உள்ளேயிருந்து வெளியே வரைகிறேனாம். “நீங்க மண்டையோட்டைப் பாக்குறீங்க. தோல்ல வெளிச்சம் எங்க விழுதுன்னு பாருங்க” என்றார். பழக்கத்தை மாற்ற வேண்டும்.

மழை வருகிற மாதிரி இருக்கிறது. நிறுத்துகிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 6

அண்ணனுக்கு,

இருக்கிறோம். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கன்னத்தில் சிவப்பு, வாயோரம் நீலம், எல்லாம் இருக்கிறது. மிளகு என்ற பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. நான் இரண்டு பக்கம் எழுதிப் படங்களை வைத்து அனுப்பினால் “வந்தன” என்று ஒரே ஒரு வார்த்தை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவள் உனக்கு அவ்வளவு உசத்தியா?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். வீட்டிலும் கோபம்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் கதவுக்குப் பக்கத்திலிருந்த போஸ்டரை எடுத்து மடித்து வைத்துவிட்டார். வெயிலில் வெளுத்துவிட்டது, முகமே தெரியவில்லை என்றார். அது காரணம் இல்லை. பிறகு அவரே சொன்னார்: “போதும்மா. எது நடந்திருந்தாலும் சரி, போதும்.” எது நடந்திருந்தாலும் சரியாம். நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அவர் பாட்டுக்குத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறார்.

என் பக்கம் நிற்கிறவன் நீ ஒருத்தன்தான். அவளைப் பற்றி எழுது.

தங்கச்சி

*

மே 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமா? மாப்பிள்ளையோடு பேசிவிட்டாயா? பேசிவிடு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

எனக்கு வரைவதில் ஒரு தடங்கல். சதை நிறம் பூச ஆரம்பித்து நான்கு வாரம். சுவரில் இருக்கிறவளைப் பார்த்துத்தான் பூசினேன். போன செவ்வாய் டீச்சர் வந்து பின்னால் நின்றார். சுவரைப் பார்த்தார், என் படத்தைப் பார்த்தார். “நல்லா இருக்கு. ஆனா இது இவ இல்லையே. இது யாரு?” என்றார்.

நான் தள்ளி நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. நெற்றியும் புருவமும் வேறு யாருடையதாகவோ ஆகியிருந்தன. தெரியவில்லை, கை தவறிவிட்டது என்றேன். அவர் போன பிறகு வண்ணம் கலக்குகிற கத்தியால் முகம் முழுவதையும் சுரண்டிவிட்டேன். காவல்கார அம்மாள் ஸ்டூலிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். “என்னப்பா, நல்லாத்தானே இருந்துச்சு” என்றார். துணியை எடுத்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி சாம்பலிலிருந்து தொடங்க வேண்டும். நீ கேட்டது இன்னும் தள்ளிப்போகும். தள்ளிப்போகட்டும் அம்மா. என்னை நம்பி இருக்காதே.

அண்ணன்

*

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்தால் உனக்குத்தான் உடம்பு சரியில்லை போலிருக்கிறது. தூங்குகிறாயா? லீவு போட்டு இங்கே வந்து பத்து நாள் இரு. அவரோடு பேசிவிட்டேன், அந்தச் சண்டை முடிந்தது.

இப்போது வேறொன்று. போலீஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பல ஊர்களில் அடையாளம் தெரியாமல் போன எலும்புகளிலிருந்து எடுத்து வைத்திருக்கும் மாதிரிகளை எல்லாம் இப்போது பரிசோதிக்கிறார்களாம். பிள்ளையைத் தொலைத்த பெற்றோர் வந்து ரத்தம் கொடுத்தால் பொருத்திப் பார்ப்பார்களாம். அவர் உடனே கிளம்பலாம் என்கிறார். நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? ரத்தம் கொடுக்கிற அன்றைக்கு நானே அவளைச் செத்தவர்கள் பட்டியலில் சேர்த்த மாதிரி ஆகாதா?

அப்புறம்தான் தோன்றியது, உன்னைக் கேட்டால் போயிற்று. நம்ம ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த எல்லாம் உன் இடத்துக்குத்தானே வரும்? ஒவ்வொன்றையும் நீதானே படம் எடுக்கிறாய்? நம்ம பிள்ளை வந்திருந்தால் உனக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லாமல் இருப்பாயா?

“வேண்டாம்” என்று ஒரு வார்த்தை எழுது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

தங்கச்சி

*

ஜூன் 29

அண்ணா,

மூன்று வாரமாயிற்று. ஆஸ்பத்திரிக்கு அவரை விட்டுப் போன் செய்யச் சொன்னேன். நீ லீவில் இருக்கிறாய் என்றார்கள். உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

உடம்புக்கு என்ன? ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டேன்.

தங்கச்சி

*

ஜூலை 22

மாப்பிள்ளைக்கும் தங்கச்சிக்கும்,

மாப்பிள்ளை, இதை உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். முதலில் நீங்கள் படியுங்கள். அவள் படிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். மாத்திரை டப்பாவை வீட்டில் வைக்காதீர்கள்.

தங்கச்சி, நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராகவே சொல்கிறேன். மிளகு உயிரோடு இல்லை. எனக்கு அது ஒன்பது வருஷமாகத் தெரியும்.

அவள் காணாமல் போய் இரண்டு வருஷம் கழித்து, நீர்த்தேக்கத்தில் தூர் வாரும்போது மதகுக்கு அடியில் ஒரு பிள்ளையின் எலும்புகள் கிடைத்தன என்று ஒரு பெட்டி வந்தது. நம் தெருமுனை மழைநீர்க் கால்வாய் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அது. அது வேறு ஸ்டேஷனின் எல்லை. பிணவறை டாக்டர் வயதைத் தப்பாகக் கணித்து, எட்டு முதல் பத்து வயது, ஆணா பெண்ணா சொல்ல முடியாது என்று எழுதினார். நம் ஸ்டேஷன் கோப்பில் ஆறு வயசுப் பெண். இரண்டு கோப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஒவ்வொரு எலும்பாக அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். இடது முன்கை எலும்பு வந்தது. அதில் அந்த வளைவு. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கை உடையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு எலும்புகளோடு வந்திருந்த மழைக்கோட்டைச் சேறு போக அலசினேன். மஞ்சள். காலருக்குள்ளே நீ பச்சை நூலில் பள்ளிக்கூட நம்பர் தைத்த துணிப்பட்டை. மூன்றைத் திருப்பித் தைத்துவிட்டாய் என்று நாம் எல்லாரும் சிரித்தோமே, அது.

நீ அத்தனை மாத்திரையையும் விழுங்கி, பிழைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து அன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். இன்னொரு அதிர்ச்சி உன்னால் தாங்க முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மேஜையில் கத்தரிக்கோல் இருந்தது. பட்டையை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதை மட்டும் படம் எடுக்கவில்லை.

ஒரு மாசம் போகட்டும், நீ கொஞ்சம் தேறட்டும் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே ஒரு மாசம்தான். ஒரு மாசத்தில் நீ சாப்பிட ஆரம்பித்தாய். ஆறு மாசத்தில் ஊர் மாறினீர்கள். அவளுக்கு உடை எடுத்தேன் என்று எழுதினாய். ஒவ்வொரு தடவையும் சொல்ல உட்கார்ந்து, மழையைப் பற்றியும் இருமலைப் பற்றியும் எழுதி அனுப்பினேன். அவளை அடையாளம் தெரியாதவர்களுக்கான இடத்தில் புதைத்திருக்கிறார்கள். நான்காவது வரிசை. நான் மாசா மாசம் போவேன்.

இன்னொன்று. எலும்புகளில் வெட்டோ அடியோ எதுவும் இல்லை. மழைக்கோட்டின் ஆறு பட்டனும் கழுத்துவரை போட்டபடியே இருந்தன, நீ போட்டு அனுப்பியபடி. ரப்பர் பூட்ஸ் இரண்டும் இருந்தன. அவளை யாரும் எதுவும் செய்யவில்லை. மழைத்தண்ணீரை வேடிக்கை பார்க்கப் போய் வழுக்கியிருக்கிறாள். அவ்வளவுதான்.

மே மாதம் முகத்தைச் சுரண்டினேன் என்று எழுதினேனே, அது மிளகு. வரைய வேண்டும் என்று நினைக்காமலே பதினேழு வயசில் வந்துவிட்டாள். அந்த நெற்றி எனக்குத் தெரியும். அதைக் கையில் வைத்துப் பார்த்தவன் நான்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டையையும் ஒப்படைத்துவிட்டேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில்: ரத்தம் கொடு.

அண்ணன்

*

ஆகஸ்ட் 31

மச்சானுக்கு,

நான் எழுதுகிறேன். அவள் எழுதவில்லை.

நீங்கள் சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று தடவை படித்தாள். அழவில்லை. கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, அலமாரியைத் திறந்து அந்த உடைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் வரிசையாகப் போட்டாள். பதினொன்று. பிறகு அவற்றுக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டாள். மறுநாள் காலையில் நான் கூப்பிடுவதற்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள், ரத்தம் கொடுக்க.

முடிவு வந்துவிட்டது. மிளகுதான். போன வாரம் தோண்டி எடுத்துக் கொடுத்தார்கள். உங்கள் ஊருக்கு வந்துதான் வாங்கிப் போனோம். அவள் உங்கள் தெருப் பக்கம் திரும்பவில்லை, நானும் சொல்லவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். இங்கே அடக்கம் செய்துவிட்டோம்.

உங்களை என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நானும் பல வருஷமாக ஏதோ ஒன்று தெரிந்தால் போதும் என்று இருந்தவன். அது உங்கள் சட்டைப் பையில் இருந்தது என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இப்போதைக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

*

நவம்பர் 3

அண்ணா,

“அன்புள்ள” என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். பழக்கத்தில் கை எழுதிவிடுகிறது.

எனக்கு நம்பிக்கையைக் கொடுத்து உயிரோடு வைத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அந்த நம்பிக்கையில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்றால் எங்கேயோ யாரிடமோ இருக்கிறாள். யாரிடம்? ஒன்பது வருஷம், காலையில் பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வீட்டில் யார் அடிக்கிறான். பூட்டின அறையா. அவளுக்குப் பத்து வயசான பிறகு நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத முடியாது. உடை எடுத்தேன் என்று உனக்கு எழுதினேன். கடையில் நிற்கும்போது இதை யார் அவிழ்ப்பான் என்று நினைத்ததை எழுதவில்லை.

ஆறு பட்டனும் போட்டபடி இருந்தன என்று உனக்கு அன்றைக்கே தெரியும். அந்த ஒரு வரியை எனக்குக் கொடுத்திருக்கலாம். அவள் செத்ததுக்கு மட்டும் அழுதிருப்பேன். நீ பயந்த மாதிரி நானும் செத்திருப்பேனோ என்னவோ. அது என் பாடு. அதைத் தீர்மானிக்க உனக்கு யார் சொன்னது?

பாசத்தில்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் தாங்க முடியவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அவளை வரையாதே. சுரண்டினதைத் திருப்பி வரைந்து தரட்டுமா என்று அவருக்கு எழுதியிருந்தாயாம். வேண்டாம். அவளுக்குப் பதினேழு ஆகவில்லை. ஆறோடு நின்றுவிட்டாள்.

நீ வர வேண்டாம். உன் முகத்தைப் பார்த்தால் ஏன் என்று கேட்பேன், நீ மறுபடி அதையே சொல்வாய். ஆனால் எழுது. மாசத்துக்கு ஒன்று. நான் பதில் போட மாட்டேன். என்னைப் பற்றி விசாரிக்காதே. உன்னைப் பற்றி மட்டும் எழுது, அதில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது. காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று எழுது.

ஏனென்றால் ஒரு சாவு தெரியாமல் பதினோரு வருஷம் இருந்துவிட்டேன். உன்னுடையதும் தெரியாமல் இருக்க என்னால் ஆகாது.

தங்கச்சி

*

டிசம்பர் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இருக்கிறேன். போன வாரம் இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் விட்டுவிட்டது. தூக்கம் சரியாக இல்லை. எடை குறைந்திருக்கிறது, பெல்ட்டில் புதுசாக ஓர் ஓட்டை போட்டேன்.

ஆஸ்பத்திரி விசாரணை முடிந்தது. வேலை போய்விட்டது. கேஸ் இன்னும் நடக்கிறது, தண்டனை இருக்கலாம் என்கிறார் வக்கீல். எதையும் மறுக்கவில்லை. கேமராவைத் திருப்பிக் கொடுத்த அன்று வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

கையுறைக்காரியை முடித்துவிட்டேன். சுமாராக வந்திருக்கிறது. கன்னம் சரியாக இல்லை. அசல் இல்லை என்று தெரிவதற்காக அருங்காட்சியகத்தில் பின்பக்கம் ‘நகல்’ என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். சுவரில் மாட்டவில்லை. படம் வரைகிற துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வெள்ளை அடித்துத் தருகிற வேலை ஒன்று டீச்சர் கொடுத்திருக்கிறார். என்ன செய்தேன் என்று அவரிடம் சொன்னேன். பிரஷ்களைக் கழுவி வைத்தார். பிறகு, நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள் என்றார்.

விதிப்படி இனி நானே ஒரு முகம் வரையலாம். யாரை வரைவதென்று தெரியவில்லை. காவல்கார அம்மாள் தானே கேட்டார்: “சும்மாதானே ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், என்னைப் போடேன்.” அவருடைய விடுமுறை நாளில் டீச்சரின் அறைக்கு வந்தார். முட்டிக்குத் தலையணை வைத்து உட்காரவைத்தேன்.

ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நான் வேலையில் பார்த்த யாரும் அசைந்ததில்லை, சுவரில் இருந்தவளும் அசையவில்லை. இந்த அம்மாள் ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. கொட்டாவி விட்டார், மருமகளைப் பற்றிப் பேசினார், மூக்கைச் சொறிந்தார். வாயோரத்தை நான் பிடிப்பதற்குள் அது வேறு வாயாகிவிட்டது. வெளிச்சம் கன்னத்தில் விழுந்து, அவர் மூச்சு விடும்போதெல்லாம் நகர்ந்துகொண்டே இருந்தது. மூன்று தடவை அழித்தேன். கடைசியில் ஒரு காதும் பாதித் தாடையும்தான் வந்தது.

நடுவில் அவர் என்னைக் கூர்ந்து பார்த்து, “நீ சாப்ட்டியாப்பா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கையிலிருந்த பிரஷைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவர் டப்பாவைத் திறந்து பாதியைக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

அடுத்த மாசம் எழுதுகிறேன்.

அண்ணன்